தம்பி மஞ்சளான இலையுதிர் காலம்

போன மாதம் தம்பியின் மகளுக்குச் சிரம்பானில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்திருக்கிறாள். குழந்தையின் ரத்தத்தில் ஒரு நொதி குறைவு, இன்னின்ன மருந்து கொடுக்கக்கூடாது, இன்ன பயறு ஆகாது, துணிகளுக்கு நடுவே பாச்சா உருண்டை வைக்கக்கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. தம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தான்.

"என்னாக்கா இது, பேரன் பொறந்து மூனு நாளுதான் ஆவுது, அதுக்குள்ள லைசென்ஸ் மாதிரி கார்டு குடுத்துட்டாங்க லா" என்று சிரித்தான்.

"உனக்கும் இதே கார்டுதான்டா. அப்ப அச்சடிச்சுக் குடுக்க ஆளு இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

"எனக்கா? சின்னதுல மஞ்சக்காமாலை வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. அதானே?"

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முழுக்கத் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்தி. அறுபதைத் தாண்டி முழங்கால் தைலத்தோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்து சேர்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் சில நாள் மட்டும் இருந்து போன ஒரு குழந்தை இருந்திருக்கும். எதனால் போனது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

எங்கள் ரப்பர் தோட்டம் சிரம்பானை அடுத்த மந்தினுக்கு உள்ளே இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பால் மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. எப்போதும் இருட்டிக் கிடக்கும் தோட்டத்தில் அந்த மாதங்களில் மட்டும் வெயில் தரைவரை இறங்கும். இலைகள் முதலில் சிவந்து, பிறகு பழுத்து, நடக்கிற இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். பால் குறைவாக வடியும் என்பதால் பெரியவர்கள் முகம் சுருங்கியிருக்கும். எங்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் குழந்தைத் துணிகள். எல்லாம் அத்தை கொடுத்தவை. அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த தோட்டத்தில் இருந்தாள். தன் பிள்ளைகள் போட்டு வளர்ந்த சட்டைகளையும் பழைய வேட்டித் துண்டுகளையும் துவைத்து, காய வைத்து, மடிப்புக்கு மடிப்பு ஒரு வெள்ளை உருண்டை வைத்துக் கொடுத்திருந்தாள். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற அந்த உருண்டைக்கு நாங்கள் பாச்சா உருண்டை என்போம். கடையில் கேட்கும்போது மலாயில் 'உபாட் கெகாட்'. யாரும் இல்லாத நேரத்தில் நான் அந்தப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வேன். கூர்மையாக மூக்கில் ஏறும். ஒட்டுப்பால் நாற்றமும் சாணி நாற்றமும் உள்ள எங்கள் வரிசை வீட்டு லயத்தில், சுத்தத்துக்கு ஒரு வாசம் இருந்தால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அந்தத் துணிகளை முதலில் உடுத்தியவன் மூத்த தம்பி. எனக்கு ஏழு வயதில் பிறந்தான். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சளானான். அப்பா அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் கிடையாது, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரசர்தான். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது. மருந்துத் தண்ணீர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தருவார். அதைத் தாண்டிக் குடித்துவிட்டுப் போனால் அவர் சொல்கிற ஒரே சொல்லில் தோல் உரிந்துவிடும். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளையளுக்கு இது வாறதுதான். காலை வெயிலில பிடியுங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

அப்பா தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வந்ததும் மகனைக் கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் நிற்பார். பதினோராம் நாள் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அப்பா ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. பால் வெட்டும் கத்தி காலில் இறங்கியபோதுகூட காப்பித்தூளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். டிரசர் எதிரே சைக்கிளில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு வருடம் கழித்து, நான் சொல்கிற இலையுதிர் காலத்தில், இந்தத் தம்பி பிறந்தான்.

பிள்ளைப்பேறு பார்க்க அத்தை வந்து தங்கியிருந்தாள். உரத்த குரல், பெரிய கை. விடியும் முன்பே எழுந்து பூண்டும் மிளகும் இடித்துப் பத்தியக் குழம்பு வைப்பாள். அம்மாவின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்து விடுவாள். நல்லவள்தான். அதனால்தான் அவள் சொன்னது அம்மாவுக்கு அவ்வளவு வலித்தது.

மூன்றாம் நாள் காலை. அத்தை குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். வெள்ளை விழி, மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"தம்பி, இங்க வா. மறுபடியும் அதேதான்" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "இவ பொறந்த வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காது. இவ தம்பி ஒருத்தனும் இப்படித்தான் மஞ்சளாப் போனான். பொண்ணுங்கன்னா கல்லாட்டம் நிக்குதுங்க. இவ பாலுலதான் என்னமோ இருக்கு. இனிமே குடுக்க வேணாம்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. புள்ளைக்குப் பசிக்கும்."

"டின் பாலு கரைச்சுக் குடுக்கறேன். நீ படு."

அப்பா எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாததைத்தான் அம்மா கடைசிவரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று முழுவதும் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கட்டிய பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சினாள். அதை என்னிடம் கொடுத்து வாழை மரத்தடியில் ஊற்றச் சொன்னாள். வெதுவெதுப்பான கிண்ணம். ஊற்றிவிட்டுத் திரும்பினால் வீட்டுக்குள் குழந்தை டின் பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். சத்தம் போட்டுக்கூட அழவில்லை. பெட்டித் துணியில் சுற்றிய அந்தச் சின்ன உடம்பு மறுநாள் காலை நெஞ்சுவரை மஞ்சளாகியிருந்தது. அத்தை கோயில் பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பா கொல்லையில் இருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓடு. டிரசர் ஐயாகிட்ட போயி, தம்பி மஞ்சளா இருக்கான், பாலு குடிக்கலன்னு சொல்லு. அப்பாகிட்ட கேக்காத. ஓடு."

ஓடினேன். காலுக்கடியில் இலை நொறுங்கிய சத்தத்தில் யாரோ என்னைத் துரத்துவது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரசர் வெள்ளைப் பீங்கான் பூசிய தட்டில் யாருக்கோ புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கத்தினேன்.

"தம்பி மஞ்சளா இருக்கான்! பாலு குடிக்க மாட்றான்!"

அவர் தலை நிமிர்ந்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. கையைத் துடைத்தார், பையை எடுத்தார், பத்துப் பேரையும் அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். பின்னால் என்னை உட்காரச் சொன்னார்.

வீட்டு வாசலில் அப்பா நின்றார். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தார்.

"எதுக்கு ஐயா வந்தீங்க? வெயில்ல புடிக்கச் சொல்லவா? எனக்கே தெரியும் அது."

டிரசர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்பாவுக்கு நேரே வந்து நின்றார். லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டாலும் தலையசைக்காத மனிதர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"போன முறை நான் பிழை விட்டனான். வெயிலில பிடியுங்கோ எண்டு சொன்னது நான்தான். அந்தப் பிள்ளை போன பிறகு சிரம்பான் பெரிய டொக்டரிட்டப் போய்க் கேட்டனான். இரண்டு வருசமா இதைப் பற்றித்தான் படிச்சுக்கொண்டிருக்கிறன். என்னை நம்ப வேண்டாம். பிள்ளையச் சிரம்பானுக்குக் கொண்டு போக விடுங்கோ. இண்டைக்கே. இப்பவே."

அப்பாவின் கை நிலையிலிருந்து இறங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டிரசர் குழந்தையின் நெற்றியிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து துணியை முகர்ந்தார். மடிப்பை விரித்து மறுபடி முகர்ந்தார். அதற்குள் அத்தை பூசாரி இல்லாமல் திரும்பி வந்திருந்தாள்.

"இந்தத் துணி எங்க இருந்தது?"

"பெட்டியில ஐயா. நான் குடுத்ததுதான். பூச்சி அண்டாம சுத்தமா வச்சிருந்தேன்."

"மூத்த பிள்ளைக்கும் இதுதானோ?"

"ஆமாங்க ஐயா. எங்க புள்ளைங்களுதுதானே, ஆகி வந்த துணின்னு குடுத்தேன்."

டிரசர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கிறியள்" என்றார். "ஆனா வாசம் சின்னப் பிள்ளைக்குக் கூடிப்போச்சு. இதைக் கழற்றிப் போடுவம்." தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினார். தோட்டமே பயந்த மனிதர் கிழிந்த பனியனோடு எங்கள் லயத்தில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

தோட்டத்து ஸ்டோர் லாரியில் முன்னால் அம்மாவும் குழந்தையும் டிரசரும். பின்னால் அப்பாவும் அத்தையும் நானும். என்னை யாரிடமும் விட நேரமில்லை.

பெரியாஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். பஞ்சாபி டாக்டர் ஒருவர் டிரசரோடு ஆங்கிலத்தில் பேசினார். பிறகு தொப்புள் வழியாகக் குழாய் விட்டு, கொஞ்சம் பழைய ரத்தத்தை எடுப்பதும் கொஞ்சம் புது ரத்தத்தைச் செலுத்துவதுமாகப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து செய்தார்கள். ஆஸ்பத்திரி ரத்தத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக வீட்டார் யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டபோது அப்பாவுக்கு முன்னால் அத்தை எழுந்தாள்.

"எங்கிட்ட எடு லா. பத்துப் பேருக்கு வேணுங்கறது இருக்கு" என்று ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு மலாய்த் தாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "சுசு இபு பாகி லா, காக்கா" என்றாள். தாய்ப்பால் கொடு அக்கா என்று அர்த்தம். அம்மா அத்தையைப் பார்த்தாள்.

"பாலுல ஒன்னுமில்லயாம்" என்று அத்தை தரையைப் பார்த்துச் சொன்னாள். "குடு. புள்ள காத்திருக்கான்ல."

அவன் குடிக்கிற சத்தம் அந்த வார்டில் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு நான் படித்து அதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் ரத்தத்தோடு குடித்தனம். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு சொட்டை மருந்தோடு கலந்து தாளில் வைத்து, புற ஊதா விளக்கின் கீழ் பார்ப்போம். நீலமாக ஒளிர்ந்தால் நொதி இருக்கிறது. ஒளிராவிட்டால் குறைவு. இருண்ட பொட்டு ஒன்றைப் பார்த்த முதல் நாள் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்று என்ன நடந்தது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். ஒட்டுப்பால் ஞாபகம் இருக்கிறதா? மரத்து வெட்டுக்கோட்டில் காய்ந்து இழையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, உரித்து உருட்டிப் பந்து செய்வோமே? புரதமும் முதலில் ஒரு நீள இழைதான். அமினோ அமிலம் என்கிற இருபது வகை மணிகளை ஒரு வரிசையில் கோத்த இழை. நம் பந்தை உருட்டக் கை வேண்டும், இது தானாகவே மடியும். தண்ணீருக்கு ஆகாத மணிகள் உள்ளே ஒதுங்கும், ஒன்றையொன்று இழுக்கிற மணிகள் பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்ளும். சில துண்டு சுருளாகும், சில துண்டு விசிறி மடிப்பாகும். கடைசியில் ஓர் உருவம் வரும். அந்த உருவத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு இறுகுகிறதே, அது சூட்டில் புரதங்கள் உருவம் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது. மறுபடி பழையபடி ஆகாது.

நொதியும், அதாவது ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சொல்கிற என்சைம், அப்படி மடிந்த ஒரு புரதம்தான். அதில் ஒரு குழி இருக்கும். குழிக்குப் பொருந்துகிற பொருள் மட்டும் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் குழி கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், பொருள் வேறொன்றாக மாறி வெளியே போகும். நொதி தேயாமல் அப்படியே இருந்து அடுத்ததை வாங்கும். தானாக நடக்க விட்டால் எத்தனையோ காலம் எடுக்கிற மாற்றத்தை அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

தம்பிக்குக் குறைந்த நொதி, சிவப்பணுவுக்குள் இருந்து காவல் காக்கிறது. சர்க்கரையைப் பிடித்து, அதிலிருந்து அணுவைக் காப்பாற்றும் பொருள் உருவாக வழி செய்யும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த இழை அது. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு மணிதான் மாறியிருக்கும். மடிப்பு கொஞ்சம் தளர்ந்துவிடும், சீக்கிரம் குலையும். சிவப்பணுவால் புதிதாக ஒன்று செய்துகொள்ளவும் முடியாது. ஆனாலும் அப்படிப்பட்டவர்கள் சாதாரணமாக வாழ்ந்துவிடுவார்கள். தம்பி வாழவில்லையா? பாச்சா உருண்டையின் ஆவி போன்ற ஒன்று உடம்புக்குள் போகும்போதுதான் தொல்லை. காவல் குறைந்த அணுவுக்குள் ரத்தத்துக்கு நிறம் தருகிற புரதமே உருவம் குலைந்து, ரப்பர் பாலில் அசிட் விட்ட மாதிரி திரள்கிறது. அணு உடைகிறது. உடைந்ததிலிருந்து வருவதுதான் அந்த மஞ்சள். பெரியவர்கள் உடம்பில் கல்லீரல் அதை வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கும் ஒரு நொதி வேண்டும், பிறந்த குழந்தையின் கல்லீரலில் அது அப்போதுதான் சோம்பல் முறித்து எழுந்திருக்கும். மஞ்சள் ஏறி ஏறி மூளையைத் தொட்டால் முடிந்தது.

இன்னொன்று. இந்தக் குறை தாய் வழியாக மகனுக்கு வருவது. பெண்கள் பெரும்பாலும் சுமப்பார்களே தவிர பாதிக்கப்பட மாட்டார்கள். அம்மாவின் தம்பி, என் இரண்டு தம்பிகள், கல்லாட்டம் நிற்கும் நான். அத்தை எழுத்துப் படிக்காமலே கண்ணால் சரியாகப் பார்த்திருக்கிறாள். முடிவு சொன்ன இடத்தில்தான் தடுக்கி விழுந்தாள். பாலில் ஒன்றுமில்லை. அவள் ஆசையோடு மடித்துக் கொடுத்த துணியில் இருந்தது.

இது எனக்குப் புரிந்த நாளில் எனக்கு இருபத்துமூன்று வயது. அத்தை அப்போது உயிரோடுதான் இருந்தாள். தம்பியை உயிராக வளர்த்தாள். சி ரூசா கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தோளில் உட்கார வைத்து அலை காட்டுவாள். 'எங்க ரத்தம் ஓடுது இவன் ஒடம்புல' என்று எல்லாரிடமும் சொல்வாள். அவள் கொடுத்த ரத்தம் வேறு யாருக்கோ போயிருக்கும் என்று நான் ஒருநாளும் திருத்தவில்லை. துணியைப் பற்றியும் சொல்லவில்லை. டிரசருக்கு அன்றே, துணியை முகர்ந்த அந்த நிமிடமே, இரண்டு பிள்ளைகளின் கதையும் தெரிந்துவிட்டது. தன் பிழையை லயம் முழுக்கக் கேட்கச் சொன்ன மனிதர், அத்தையின் பிழையை 'வாசம் கூடிப்போச்சு' என்ற இரண்டு சொல்லில் மூடிவிட்டார். அவர் மூடியதைத் திறக்க எனக்கு என்ன உரிமை?

அவரை நான் ஒரே ஒரு முறைதான் மறுபடி பார்த்தேன். ஓய்வு பெற்று ரஹாங்கில் மகளோடு இருந்தார். சர்க்கரைப் பரிசோதனைக்காக எங்கள் ஆய்வுக்கூட வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, சட்டை மட்டும் அதே வெள்ளை. ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தபோது யார் என்று சொன்னேன்.

"ஓம்… சைக்கிளில பின்னால இருந்து வந்த பிள்ளை" என்றார். "தம்பி?"

"நல்லா இருக்கான் ஐயா. லாரி ஓட்றான். கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு பொம்பளப் புள்ள."

தலையை ஆட்டினார். எங்கள் குடும்பம் முழுக்கச் சேர்ந்து சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிட வேண்டுமென்று பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மூத்தவனுக்குப் பேர் வச்சிருந்தனீங்களோ?"

பேர் வைக்கிற நாளுக்கு முன்பே போனவன் அவன். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அம்மா ஒரு பெயர் சொல்லித்தான் கொஞ்சினாள். எங்கள் வீட்டுக்கு வெளியே அதை யாரும் கேட்டதில்லை. நான் குனிந்து சொன்னேன். காது மந்தமாகியிருந்தது போல, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு சின்ன டயரியில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.